பங்கில்லாதவர்களின் பங்கு

1

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். சுற்றுச்சூழல் போராட்டங்களில் நின்றவர்கள், எழுதுகிறவர்கள், முன்பு தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள் என்று கலவையான கூட்டம். இளைய தோழர் ஒருவர் சொன்னார்: "கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு என்னத்தக் கண்டோம்? ஆளுக்கு ஒரு ஷேர் வாங்குவோம். கம்பெனியோட வருஷக் கூட்டத்துக்குள்ளயே போயி கேள்வி கேப்போம். வெளிநாட்டுல அப்படித்தான் செய்றாங்க." தொழிற்சங்கத்துக்காரர் சிரித்தார்: "முதலாளி வீட்டுத் திண்ணையில எடம் புடிச்சு உக்காந்துக்கிட்டு முதலாளிகிட்டயே நியாயம் கேக்கப் போறீங்களாக்கும்." கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல வராமல் போனதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே கேள்வியை வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பங்கு வாங்கலாமா கூடாதா என்பதல்ல பிரச்சினை. பங்கை வைத்து ஆளை அளக்கிற ஒரு சபையில் எதைக் கேட்க முடியும், எதைக் கேட்கவே முடியாது என்பதுதான் பிரச்சினை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். இந்தக் கட்டுரை போய்ச் சேரப்போகிற தூத்துக்குடியிலேயே 'பங்கு' என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு. மீன் விற்ற காசில் செலவு போக, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். கத்தோலிக்கக் கோயிலைச் சுற்றிய ஊரும் சனமும் சேர்ந்தது ஒரு பங்கு. அதற்கொரு பங்குச் சாமியார். பங்காளி என்றால் ஒரே வீட்டுக் கொடிவழி. இவை எல்லாவற்றிலும் பங்கு என்பது அங்கே இருப்பதால் வருவது: கடலுக்குப் போனதால், அந்த ஊரில் இருப்பதால், அந்த வீட்டில் பிறந்ததால். பங்குச்சந்தையின் பங்கு ஒன்றுதான் அங்கே இல்லாமலே கிடைப்பது. லண்டனில் இருப்பவர் தூத்துக்குடி உருக்காலையில் பங்குதாரராக இருக்கலாம். ஆலையின் சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லாமலிருக்கலாம். (பழையதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. படகுக்காரன் பங்கு எவ்வளவு, ஆள் பங்கு எவ்வளவு என்பதும், பங்காளிச் சொத்தில் பெண்ணுக்கு நெடுங்காலம் என்ன கிடைத்தது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.)

'பொதுக்கூட்டம்' என்ற சொல்லும் அப்படியே. நம் வழக்கில் பொதுக்கூட்டம் என்றால் தெருவில் போகிற எவரும் நின்று கேட்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 'ஆண்டுப் பொதுக்கூட்டம்' பங்குதாரர் அல்லாத பொதுவை வாசலிலேயே நிறுத்திவிடும்.

2

பெருநிறுவனங்களில் உடைமை வேறு, கட்டுப்பாடு வேறு என்று பிரிந்துபோனதை அமெரிக்காவில் பெர்லி, மீன்ஸ் என்ற இருவர் 1932இல் ஒரு புத்தகமாக எழுதினார்கள். பங்குகள் ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கின்றன, நிர்வாகிகள் கேட்பாரற்று ஆள்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். கூட்டுப்பங்கு நிறுவனத்தில் முதலாளி வெறும் பணத்தின் சொந்தக்காரனாகச் சுருங்குவதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிலேயே கவனித்திருந்தார்.

சிதறியது பிறகு வேறு விதமாகக் குவிந்தது. தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், மியூச்சுவல் ஃபண்டுகள் பெரும் பங்குதாரர்கள் ஆயின. நிர்வாகவியல் குரு பீட்டர் டிரக்கர் 1976இல் இதற்கு 'ஓய்வூதிய நிதி சோஷலிசம்' என்றே பெயர் வைத்தார். தொழிலாளியின் சேமிப்பே மூலதனமாகிவிட்டது, ஆகவே தொழிலாளியே முதலாளி என்கிற கதையாடல் இது. சேமிப்பு தொழிலாளியுடையது என்பது சரி. ஓட்டு யார் கையில்? நிதியை நிர்வகிக்கிறவர் கையில். மார்க்ஸ் கண்ட பிளவு மறையவில்லை, இன்னொரு மாடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பெரும் பங்குதாரர்களுக்கான ஒழுக்க நூல்கள் அடுத்தடுத்து வந்தன. இங்கிலாந்தில் நிறுவன நிர்வாகம் குறித்த காட்பரி அறிக்கை 1992இல், ஐ.நா. ஆதரவுடன் 'பொறுப்பான முதலீட்டுக் கோட்பாடுகள்' 2006இல், முதலீட்டாளர்களுக்கான 'ஸ்டூவர்ட்ஷிப்' நெறிமுறை 2010இல். இந்தியாவில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017இலும், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு செபி 2019இலும் அதே பெயரில் நெறிமுறைகளைக் கொண்டுவந்தன. இந்த 'ஸ்டூவர்டு' யார்? நம்ம ஊர் ஜமீன் காரியஸ்தர்தான். நல்ல காரியஸ்தர் திருட மாட்டார், கணக்கு ஒழுங்காக வைப்பார், குடியானவனிடம் கொஞ்சம் தன்மையாகக்கூடப் பேசுவார். ஆனால் கணக்கை ஒப்பிப்பது ஜமீன்தாரிடம். குடியானவனிடம் அல்ல. 'பொறுப்பு' என்கிற சொல்லாடல் முழுவதிலும் நாம் கேட்க வேண்டியது, யாருக்குப் பொறுப்பு என்பதை.

இந்த வழிமுறையின் பெருமைக்குரிய சான்றாகத் தென்னாப்பிரிக்காவைச் சொல்வார்கள். 1971இல் அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபை ஜெனரல் மோட்டார்ஸின் பங்குதாரர் கூட்டத்தில், கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. கிடைத்த ஓட்டு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பரான லியோன் சல்லிவன், நிர்வாகத்தை எதிர்த்துத் தீர்மானத்துக்கு ஆதரவாகப் பேசினார். 1977இல் அங்கு தொழில் செய்கிற அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நடத்தை விதிகளை வகுத்தவரும் அவரே. பத்து வருடம் கழித்து, 1987இல், இந்த விதிகளால் நிறவெறி ஒழியவில்லை, கம்பெனிகள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தவரும் அவர்தான். பங்குதாரர் தீர்மானங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. சொவெட்டோவின் மாணவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தெருவில் எழுப்பிய குரலின் எதிரொலியாக இருந்தவரைக்கும் அவற்றுக்கு வலு இருந்தது. எதிரொலியைக் குரல் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

3

இனி நம் பக்கம் வருவோம். அனில் அகர்வாலின் வேதாந்தா ரிசோர்சஸ் 2003 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. தூத்துக்குடி ஸ்டெர்லைட், மேட்டூர் மால்கோ, சத்தீஸ்கரில் கோர்பா பால்கோ, ஒடிசாவில் நியம்கிரி மலையடிவாரத்து லாஞ்சிகர் அலுமினா ஆலை எல்லாம் அதன் கிளைகள். லண்டனில் பட்டியலானதும் உலகத்தின் ஓய்வூதியப் பணம் அதற்குள் வந்தது. பணத்தோடு 'மனசாட்சி'யும் வந்தது.

நார்வே அரசின் உலக ஓய்வூதிய நிதி, வட கடல் எண்ணெய் வருமானத்தில் வளர்ந்தது. அதற்கு 2004 முதல் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அந்தக் குழு இந்த நான்கு ஆலைகளையும் ஆராய்ந்து, கடுமையான சுற்றுச்சூழல் கேட்டுக்கும் மனித உரிமை மீறலுக்கும் நிதியும் உடந்தையாகிற அபாயம் ஏற்கத்தக்கதல்ல என்று பரிந்துரைத்தது. 2007இல் நார்வே தன் பங்குகளை விற்று வெளியேறியது. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை 38 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பங்குகளை விற்றது. ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளையும் விற்றது. வேதாந்தா இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தது.

விற்காமல் உள்ளேயிருந்து பேசிப் பார்த்தவர்களும் உண்டு. அவைவா என்ற இன்ஷூரன்ஸ் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவு 2010ஆம் ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டது. அதே நாளில் வெளியே, 'அவதார்' படத்து மலைவாசிகளைப் போல உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு செயல்பாட்டாளர்கள் நின்றார்கள். ஒரே ஒரு பங்கை வாங்கி அதையே கேட் பாஸாக்கிக்கொண்டு உள்ளே போனவர்களும் அந்த ஆண்டுகளில் இருந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பங்கு அகர்வால் குடும்பத்திடம். மீதிப் பேர் அத்தனை பேரும் சேர்ந்து கை தூக்கினாலும் தீர்மானம் தோற்கும். கணக்கு அப்படி.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் ஒரு வாய்பாடு தந்தார். ஒரு அமைப்பு சீரழியும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது குரல் கொடுப்பது. எதைத் தேர்வார் என்பதை அவர் விசுவாசம் தீர்மானிக்கும். நார்வே வெளியேறியது, அவைவா குரல் கொடுத்தது. வாய்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் லாஞ்சிகரில் இருப்பவர் எங்கே வெளியேறுவார்? வெளியேற்றப்படத்தான் முடியும். குரல் கொடுக்க அவர் உறுப்பினர் இல்லை. முதலீட்டு நெறி முழுக்க இந்த வாய்பாட்டுக்குள் சுற்றுகிறது. வாய்பாட்டுக்கு வெளியே நிற்பவரைப் பற்றித்தான் அத்தனை பேச்சும். ஆனால் பேசுகிறவர் அவர் இல்லை.

விற்பது என்றால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். நார்வே விற்றால் பங்கு ஒழிந்துவிடுவதில்லை. வேறொருவர் வாங்குகிறார். விற்றவர் கை சுத்தமாகிறது. தமிழில் இதற்குக் 'கை கழுவுவது' என்றே பெயர். பிலாத்து கை கழுவிய கதையைத் திருச்சபைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நார்வேயின் நெறிமுறைக் குழு எழுதிய பரிந்துரை ஒரு பகிரங்க ஆவணம். ஸ்டெர்லைட் பற்றி ஒரு அயல்நாட்டு அரசின் குழு 2007இலேயே எழுதி வைத்துவிட்டது. தூத்துக்குடியில் துப்பாக்கி வெடிப்பதற்குப் பதினோரு வருடம் முன்பு. நிறுவன முதலீட்டாளரின் அறம் நமக்குத் தந்த உருப்படியான பொருள் அந்தக் காகிதம்தான். அதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாசித்தோம்?

4

தூத்துக்குடிக் கதை தெரிந்ததுதான், சுருக்கமாக. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் மக்கள் எதிர்த்ததால் நின்றுபோன தாமிர உருக்காலைக்கு 1994இல் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. 2013 ஏப்ரலில் மூடும் உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மாசு ஏற்படுத்தியதற்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அதாவது நீதிமன்றமும் கடைசியில் ஒரு விலையைத்தான் சொன்னது. ஆலையை இரட்டிப்பாக விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து 2018 பிப்ரவரி 12இல் அ. குமரெட்டியாபுரத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள். நூறாவது நாள், மே 22, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மே 28இல் மாநில அரசு ஆலையை மூடியது. அந்த மூடலை உயர் நீதிமன்றம் 2020இலும் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் உறுதி செய்தன.

இதே நாட்களில் லண்டனில் என்ன நடந்தது என்பதுதான் நம் விஷயம். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, வேதாந்தாவைப் பங்குச்சந்தையிலிருந்து நீக்க வேண்டும் என்று தொழிற்கட்சியின் ஜான் மெக்டொனல் கோரினார். ஜூலை 2இல் அகர்வாலே அறிவித்துவிட்டார்: மற்றவர்களிடம் இருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகத்தைப் பங்கு ஒன்றுக்கு 825 பென்ஸ் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று. அக்டோபர் 1இல் அது நடந்தும் முடிந்தது. தண்டனையாகக் கேட்ட ஒன்றைக் கம்பெனி வசதியாக எடுத்துக்கொண்டது. ஒற்றைப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு வருடா வருடம் உள்ளே போனவர்களுக்கு அந்தக் கதவும் சாத்தியது. காசு கொடுத்து வாங்கிய உரிமையைக் காசு கொடுத்தே திரும்ப வாங்கிவிடலாம். பங்குதாரர் ஜனநாயகத்தின் இலக்கணம் இவ்வளவுதான்.

இரண்டாவது காட்சி 2020 அக்டோபர். இப்போது மும்பையில் பட்டியலிடப்பட்ட இந்தியக் கம்பெனியான வேதாந்தா லிமிடெட்டையும் சந்தையிலிருந்து எடுக்க முயன்றார்கள். தூத்துக்குடி ஆலை இந்தக் கம்பெனியினுடையதுதான். தரைவிலை பங்குக்கு ரூ. 87.25. அதில் 6.37 சதவீதம் வைத்திருந்த எல்.ஐ.சி. தன் பங்குகளுக்கு ரூ. 320 கேட்டது. தேவையான அளவு பங்குகள் சேராமல் முயற்சியே தோற்றது. பத்திரிகைகள் எல்.ஐ.சி.யைக் கொண்டாடின. அட, நம்ம ஊர் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லையே என்று நமக்கும்கூட ஒரு சந்தோஷம்.

அது தப்பு என்று சொல்ல முடியாது. பாலிசிதாரர் பணத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காமல் காப்பது அதன் கடமை. நான் பார்ப்பது வேறு. ஒரு பொதுத்துறை முதலீட்டாளருக்கு ஒரு பெருநிறுவனத்தின் முன் நின்று பேரம் பேசுகிற வலு இருக்கிறது என்பது அன்று நிரூபணமாயிற்று. அந்த வலுவை எதற்குப் பயன்படுத்த முடிந்தது? ஏலப் படிவத்தில் இரண்டே கட்டம்: எத்தனை பங்கு, என்ன விலை. 13 பேர் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. ஆலை மூடியதால் வேலையிழந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடையாது.

முதலீட்டு மொழியின் வன்முறை இங்கேதான் இருக்கிறது. அது அறத்தை மறுப்பதில்லை, மொழிபெயர்த்துவிடுகிறது. சாவு 'நற்பெயர் அபாயம்' ஆகிறது. நிலத்தடி நீர் 'சுற்றுச்சூழல் காரணி' ஆகிறது. போராட்டம் 'செயல்பாட்டுத் தடை' ஆகிறது. மொழிபெயர்த்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டுவிடலாம். அபாயம் யாருக்கு என்ற கேள்வி மட்டும் மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகிறது.

5

இதற்கு எதிர்நிலையாக நியம்கிரியைப் பார்க்க வேண்டும். லண்டன் கூட்டங்களில் எந்த மலையைப் பற்றிக் கேள்வி எழுந்ததோ அதே மலை. அங்கே பாக்சைட் எடுக்கும் திட்டத்துக்கு 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2013 ஏப்ரல் 18இல் வந்த தீர்ப்பு, டோங்ரியா கோந்த் மக்களின் வழிபாட்டு உரிமையும் வன உரிமையும் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மாநில அரசு 12 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார, ஜூலையிலும் ஆகஸ்டிலும் சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது.

இரண்டு சபைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பங்குக்கு ஒரு ஓட்டு. மற்றதில் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒன்றில் வெளியாள் உறுப்பினர், உள்ளூர்க்காரர் வேடிக்கை பார்ப்பவர். மற்றதில் தலைகீழ். ஒன்றில் மலை ஒரு 'சொத்து'. மற்றதில் மலை நியம ராஜா, தெய்வம், மூதாதை. ஒன்றில் கேள்வி கேட்டால் பதில் வரும், முடிவு மாறாது. மற்றதில் முடிவே கேள்வியாக வந்தது. லண்டனில் விற்கப்பட்ட பங்குகளோ அங்கே எழுந்த கேள்விகளோ செய்ய முடியாததைப் பன்னிரண்டு சின்ன ஊர்கள் செய்தன. அந்த லண்டன் சத்தம் இந்த ஊர்களுக்குத் துணையாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. துணை, அவ்வளவுதான்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் ரான்சியேர் 1995இல் எழுதிய நூலில், அரசியல் என்பதே பங்கில்லாதவர்கள் தங்களுக்கும் பங்குண்டு என்று எழுந்து நிற்கும்போது தொடங்குவது என்கிறார். இருக்கிற பங்குகளைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பது அவரைப் பொறுத்தவரை நிர்வாகம், அரசியல் அல்ல. 'நல்ல நிறுவன நிர்வாகம்' என்பதன் எல்லையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அது பங்குள்ளவர்களுக்குள் ஒழுங்கு. குமரெட்டியாபுரத்து மரத்தடியும் நியம்கிரியின் பன்னிரண்டு சபைகளும்தான் அரசியல்.

கிராம சபையையும் தெய்வமாக்க வேண்டாம். அந்த மலையைத் தோண்டவிருந்தது ஒடிசா அரசின் சுரங்கக் கழகம். வேதாந்தாவுக்குப் பாக்சைட் தரும் பொறுப்பு அதனுடையது. அதே மாநில அரசு மறுபடியும் சபைகளைக் கூட்ட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. சபைக்குள் சாதி இருக்கும், ஆண்கள் குரல் ஓங்கும், காசு புகும். தூத்துக்குடிக்கு அப்படியொரு ஓட்டும்கூடக் கிடைக்கவில்லை. ஓட்டாக எண்ணப்பட வேண்டியவர்கள் பிணமாக எண்ணப்பட்டார்கள்.

6

அப்படியானால் இளைய தோழரிடம் என்ன சொல்வது? பங்கு வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒற்றைப் பங்கு ஒரு கதவைத் திறக்கும், ஒரு காகிதத்தை வெளியே கொண்டுவரும், ஒரு இயக்குநரைப் பதில் சொல்லவைக்கும். உளவு பார்க்க அதுவும் ஒரு வழி. ஆனால் அங்கே நாம் குடிமக்களாக நுழையவில்லை, மிகச் சிறிய உடைமையாளராக நுழைகிறோம் என்ற ஞாபகம் வேண்டும். அங்கே பேசப் பேச நம் மொழியும் அபாயம், மதிப்பு, காரணி என்று மாறிவிடும். மாறுவது தெரியாமலே மாறும்.

அதைவிடப் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படிக்கிற பலரிடம் எல்.ஐ.சி. பாலிசி இருக்கும். 1956இல் 245 தனியார் கம்பெனிகளையும் சங்கங்களையும் நாட்டுடைமையாக்கிச் செய்த நிறுவனம் அது. 2022இல் அதன் பங்குகளே சந்தைக்கு வந்தாலும் பெரும்பான்மை அரசிடம்தான். எந்தக் கம்பெனிக் கூட்டத்தில் எப்படி ஓட்டுப் போட்டது என்பதை ஆணையத்தின் விதிப்படி அது வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டமும் அதற்குப் பொருந்தும். நம்ம பிரீமியம், நம்ம பேரில் போடப்படுகிற ஓட்டு. அதை யாராவது எடுத்து வாசித்திருக்கிறோமா? நார்வே தன் ஓய்வூதியப் பணத்துக்கு ஒரு நெறிமுறைக் குழு வைத்துக்கொண்டது. இங்கே அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கலாம். அதில் காரியஸ்தர்கள் மட்டுமல்ல, ஆலையை ஒட்டி வாழ்கிறவர்களும் அதில் வேலை செய்கிறவர்களும் உட்கார வேண்டும் என்றும் கேட்கலாம். கிடைக்குமா என்பது வேறு. கேட்பதே பங்கின் பொருளை மாற்றிப் பார்ப்பதுதான்.

தொழிற்சங்கத்துக்காரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சங்கத்து ஆட்களின் பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து ஒரு பகுதி 2015 முதல் பங்குச்சந்தைக்குப் போகிறது. திண்ணையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் காசு நடுவீட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. நாம் யாரும் வெளியே இல்லை.

எனவே திண்ணையில் உட்காரலாம், தேவைப்படும்போது. ஆனால் ஊர்க்கூட்டத்தைத் திண்ணைக்கு மாற்றிவிடக் கூடாது.